மேளம் நிற்காத வரைக்கும்

சொந்தபந்தத்தோடு ஒரு மாதம் மனஸ்தாபம் இல்லாமல் ஊர் சுற்ற வேண்டுமென்றால், காதே கேட்காத இடமாகப் பார்த்துப் போக வேண்டும். மலை, அருவி, கடற்கரை என்று கூட்டிப்போகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள். அங்கெல்லாம் அமைதியாக இருக்கும். அமைதியாக இருந்தால் ஒறம்பரை பேசும். பேச ஆரம்பித்தால், வால்பாறை வேன் பத்தாவது கொண்டை ஊசி வளைவில் திரும்புவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். பையன் ஏன் இன்னும் வேலைக்குப் போகவில்லை, வீட்டுக் கடன் எத்தனை வருசம் பாக்கி, எந்தக் கல்யாணத்தில் யார் யாரைப் பார்த்து ‘வாங்க’ என்று கேட்காமல் போனது, ஒன்று விடாது.

இந்தப் பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரா பௌர்ணமி வரை நாங்கள் போன இடமெல்லாம் கொட்டு. ஊரில் மாரியம்மன் நோம்பிக்குத் தப்பட்டை என்கிற பறையும் ஜமாப் மேளமும். கல்யாணத்தில் தவில். திருச்சூரில் செண்டை. மதுரையில் மறுபடி பறை. திட்டம் போட்டுச் செய்ததல்ல, கூப்பிட்டவர்கள் எல்லாரும் கொட்டோடு கூப்பிட்டார்கள். இத்தனை பேர் ஒரே வேனில் ஏறி இறங்கி, ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றும், ஒருவர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இதற்காக எங்கள் ஆட்கள் யாரையும் நான் பாராட்டுவதாக இல்லை. பெருமையெல்லாம் மாட்டுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும்தான் சேரும்.

எங்கள் கோஷ்டியில் இந்த மாதத்தை முழுசாக அனுபவித்தவள் அம்மா. அவளுக்குக் காது மந்தம். காதுக்கு மிஷின் உண்டு. நான் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக என் எதிரில் மாட்டிக்கொள்வாள், நான் அக்கட்டால போனதும் கழற்றிச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவில் போட்டுவிடுவாள். மற்ற நாட்களில் அம்மாவோடு பேசுகிறவர்கள் கத்த வேண்டும். கத்தினால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவளிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை, அது அவளுக்குத் தீராத குறை. கொட்டு அடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் காது போய்விடும். உதட்டையும் கையையும் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பழக்கம் இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான். ‘அவளுக்குத் தண்ணி வேணுமாமா’, ‘இவன் போலாங்கறான், அவ இருக்கலாங்கறா’, ‘செருப்பக் காணமாமா’ என்று அம்மா ஆள் ஆளுக்கு விரல் காட்டிச் சேதி கடத்தினாள். முப்பது வருசமாக மருமகளோடு பேசாத பேச்சையெல்லாம் ஜாடையிலேயே பேசித் தீர்த்தாள் என்று நினைக்கிறேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி. பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டாகிவிட்டால் ராத்திரிக்கு ராத்திரி ஆட்டம்தான். கம்பம் என்பது மூன்று கவர் விட்ட மரம், மாரியம்மனின் புருஷன் என்று ஐதீகம். பகலில் பெண்கள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணியும் கொண்டுவந்து அவருக்கு ஊற்றுவார்கள். இருட்டியதும் ஆண்கள் அவரைச் சுற்றி ஆடுவார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோயில் கம்பத்தைப் பிடுங்கிக் காவிரியில் விடுகிற நாளில் நகரமே மஞ்சள் தண்ணியில் நனையும். எங்கள் ஊர்க் கம்பத்துக்கு அவ்வளவு வசதி கிடையாது, கிணறுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் தப்பட்டை காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். காய்ந்த தென்னஞ்சோகையும் வைக்கோலும் கூட்டித் தீ மூட்டுவார்கள். சுற்றி நின்று தோலைத் தீக்குக் காட்டி எடுத்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. காதைச் சாய்த்து ஒரு யோசனை. மறுபடி தீ. பனி இறங்கிய தோல் ‘தொப் தொப்’ என்று கம்மிய குரலில்தான் பேசும். சூடேற ஏற ‘டண்’ என்று நிமிரும். அப்புறம் வலது கையில் தடித்த குச்சி, இடது கையில் மூங்கிலில் சீவிய நீளமான சிம்பு, ஒன்று சொல்லும், மற்றது ஆமாம் போடும். ஆடி அடங்குவதற்குள் தோல் ஆறிவிடும், திரும்பத் தீக்குப் போக வேண்டும். எங்கள் பெரியப்பா தப்பட்டையைவிட உசத்தி. ஒருமுறை சூடேறினால் இருபது வருசம் தாங்குவார்.

சூடு ஏறிய காரணம் ஒரு தென்னை. பெரியப்பா தோட்டத்துக்கும் சித்தப்பா தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பொழி, அதாவது எல்லை வரப்பு, அதன்மேல் மரம். மரம் யாருடையது என்று ஆரம்பித்து, அது சாய்கிற பக்கம் யாருடையது, விழுகிற காய் யாருடையது என்று வளர்ந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது. கோர்ட்டுக்குப் போகவில்லை. போனால் தோட்டத்தை விற்றுத் தென்னையைக் காப்பாற்ற வேண்டிவரும் என்கிற கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இரண்டு பேரும் கம்பத்தாட்டத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அந்த அடவில் முன்னால் போகிறவர் இக்கட்டால திரும்பினால் பின்னால் வருகிறவர் அக்கட்டால திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மண்டை மோதும். சித்தப்பா ஒரு சுற்றில் தடுமாறினார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்துத் திருப்பிச் சரியான பக்கம் நிறுத்திவிட்டார். ஊரே பார்த்தது. மறுநாள் காலையில் டீக்கடையில் பெரியப்பா விளக்கம் கொடுத்தார்: “ஆடறதுக்கென்னுங், பேசறதுதான் ஆகாது.”

கொட்டு நிற்கிற நேரம்தான் கண்டம். ஜமாப் வாத்தியார் கையைத் தூக்கிவிட்டால் அத்தனை மேளமும் ஒரே அடியில் சட்டென்று நிற்கும். அருமையான வித்தை, ஆனால் முன்னறிவிப்பு கிடையாது. பொங்கல் வைத்த அன்று எங்கள் அத்தை, கொட்டு உச்சத்தில் இருக்கிற தைரியத்தில், என் மனைவியின் காதோரம் வாயை வைத்து அடிவயிற்றிலிருந்து ஒரு ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் கை மேலே போயிற்று. மேளம் நின்றது. அத்தை நிற்கவில்லை.

“...அத்தனையும் கவரிங்கு வளையலு!”

திடல் முழுக்கக் கேட்டது. மைக் செட்டுக்காரர் அன்று காலையிலிருந்து எவ்வளவோ முயன்றும் அத்தனை தெளிவாக ஒரு வார்த்தை வந்ததில்லை. சீருக்கு வளையல் கொண்டுவந்தவள் பக்கத்திலேயே மாவிளக்குத் தட்டோடு நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் வாத்தியாரின் கை இறங்கி அடுத்த அடி ஆரம்பித்தது. அந்தக் கை இறங்கத் தாமதமாகியிருந்தால் எங்கள் குடும்ப மரத்தில் ஒரு கிளை அன்றைக்கே முறிந்திருக்கும். சாயங்காலம் அந்தப் பெண் அம்மாவிடம் வந்து, “ஆத்தா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, என்னையத்தான சொன்னாங்க?” என்று விசாரித்தாள். அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டி, சுருக்குப்பையைத் திறந்து மிஷினையும் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். ராத்திரி படுக்கும்போது என்னிடம் சொன்னாள்: “கவரிங்குதான் கண்ணு. நாங் கையில வாங்கும்போதே பார்த்தேன், கனமே இல்ல.”

அந்த நோம்பியில் எனக்கு உறைத்தது வேறொன்று. என் மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள், பறையும் கற்கிறாள். மொட்டைமாடியில் அவள் பழகுவதால் எங்கள் குடியிருப்பில் வாடகைக்கு வருகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறார்கள். ஊரில் தீயைப் பார்த்ததும் அவள் கொட்டுக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். சிம்புக்குச்சி பிடிக்கிற பக்குவத்தை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மத்தியானம் பந்தி. எங்களுக்குப் பந்தலுக்குள் இலை, கொட்டியவர்களுக்குப் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில். அடி உள்ளே வரலாம், அடித்தவர் வரக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. மகள் ஒன்றும் பேசாமல் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். அதற்குள் அம்மா எழுந்து, “எனக்கும் அங்கயே எலை போடு” என்று நடந்துவிட்டாள். “ஏனுங்க, அங்க வேண்டாமுங்க, வழக்கமில்லீங்க” என்று ஒருவர் பின்னாலேயே போனார். அம்மா திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்து, “ஆமாங்க, ரசம் நல்லாத்தான் இருக்குது” என்றாள். மிஷின் அப்போது காதில்தான் இருந்தது, நான் பார்த்தேன்.

கல்யாணம் சித்திரை பிறந்ததும் திருப்பூரில். அங்கே தவில்காரருக்கு மேடையிலேயே ஜமக்காளம், வெற்றிலைத் தட்டு, வேட்டி துண்டு. தோலுக்குத் தோல் மரியாதை மாறுகிறது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை விரல்களில் மாவுப்பசையும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடுகள், ஒவ்வொன்றாக மாட்டி, வலந்தலையில் தட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் கழற்றி வேறு போட்டார். இடது கையில் பூவரசங்கழி. நடுவில் பலாமரக் கட்டை, கிட்டே உட்கார்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் மேடைப் பலகை நம் உட்காருமிடத்தில் பதில் சொல்கிறது.

அப்போதுதான் கெட்டிமேளத்தின் ஞானம் எனக்குப் பிடிபட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான வார்த்தை எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை வேகமாகக் கொட்டுகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு கல்யாணத்தின் மிக முக்கியமான அரை நிமிடத்தில் சொந்தக்காரர்களைப் பேசவிடக் கூடாது என்று நம் முன்னோர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வைதிகமோ லௌகிகமோ, இதைவிடப் பெரிய குடும்ப சாஸ்திரம் எனக்குத் தெரியவில்லை. விரலை ஆட்டி ஐயர் ‘கெட்டிமேளம்’ என்றதும், மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. மேளம் தணிந்தபோது அவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிருந்தது.

வரவேற்பில் மெல்லிசைக் குழு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேசவும் விடாது, பேசாமலும் விடாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதில் பாதி கேட்கும், அந்தப் பாதியில்தான் சண்டை வரும்.

அங்கிருந்து திருச்சூர். மனைவியின் தம்பி அங்கே வேலையில் இருக்கிறார். பூரம் பார்க்க வரச்சொல்லி வருசா வருசம் கூப்பிடுவார், நாங்கள் வருசா வருசம் வெயிலைச் சாக்குச் சொல்லுவோம். இந்தத் தடவை வெயிலை ஒரு கைபார்ப்பது என்று பாலக்காடு வழியாகக் கிளம்பிவிட்டோம். இந்தப் பூரத்தின் பிறப்பைப் பற்றி மச்சான் சொன்ன கதை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் திருச்சூர்க் கோயில்கள் ஆறாட்டுப்புழைப் பூரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தனவாம். ஒரு வருசம் மழையில் தாமதமாகிவிட, உள்ளே விடவில்லையாம். கோபித்துக்கொண்டு திரும்பியவர்களுக்காகக் கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் வடக்குநாதர் கோயிலைச் சுற்றித் தனியாக ஒரு பூரத்தை ஏற்படுத்தினார். அதாவது, பந்தியில் இடம் கொடுக்காத கோபத்தில் பிறந்த விழா. இதை நம் ஆட்கள் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை.

பூரத்தன்று பிற்பகல் கோயில் மதிலுக்குள் இலஞ்சித்தற மேளம். அங்கே அவர்கள் இலஞ்சி என்பது நம் மகிழ மரம், அந்த மரத்தடியில் நின்று கொட்டுவதால் அந்தப் பெயர். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் சேர்த்துச் சுமார் 250 பேர், இரண்டரை மணி நேரம் பாண்டி மேளம். பெருவனம் குட்டன் மாரார் 1999 முதல் 2022 வரை முன்னால் நின்று நடத்தினார், அதற்குப் பிறகு கிழக்கூட்டு அனியன் மாரார் என்று மச்சான் கல்வெட்டுப்போல ஒப்பித்தார். ஏழு அட்சரத்தைப் பெருக்கிக்கொண்டுபோய் 56இல் ஆரம்பிக்கிறார்கள். பிறகு 28, பிறகு 14, கடைசியில் 7. 56இல் இருக்கும்போது ஒரு தூக்கம் போட்டு எழலாம்போல அவ்வளவு நிதானம். 7க்கு வரும்போது கோயில் வெடித்துவிடுமோ என்று இருக்கும். ஜனங்கள் தாளத்துக்கு ஒன்றாகக் கையை மேலே எறிகிறார்கள். படித்தவர், படிக்காதவர், காவல்காரர், ஐஸ் விற்பவர், எல்லாக் கையும் ஒரே சமயத்தில் மேலே போய் ஒரே சமயத்தில் இறங்குகின்றன. எங்கள் வீட்டில் ஒரு புகைப்படத்துக்கு எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்க முடிந்ததில்லை.

கூட்டத்துக்குள் அம்மாவைக் கொண்டுபோக முடியாது. வெளியே மர நிழலில் ஒரு கல்லில் உட்காரவைத்தோம். பக்கத்தில் ஒரு மலையாளத் தாத்தா, கண்ணை மூடி முழங்காலில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, சத்தத்தில் இரண்டுமே தேவைப்படவில்லை. காலம் மாறுகிற இடத்தில் அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், அம்மா தலையசைப்பாள். நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். “நெஞ்சுலயே அடிக்குது கண்ணு. இதுக்கு மிஷினு எதுக்கு?” என்றாள் அம்மா.

மேளத்தில் ஒரே ஒரு ஆபத்து உண்டு, அதற்கு மச்சான் பலியானார். நல்ல மேளத்தைக் கேட்கிறவன் தலை தானாக ஆடும். 14லிருந்து 7க்கு இறங்குகிற கட்டத்தில், மச்சான் உலகத்தை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி காதில் ஏதோ கேட்டிருக்கிறார். இவர் ஆட்டினார். மறுபடி கேட்டிருக்கிறார், மறுபடி பலமாக ஆட்டினார். மறுநாள் காலை யானைமேல் குடை மாற்றுகிற குடமாற்றத்தையும் வாணவேடிக்கையையும் பேசிக்கொண்டே ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “கிளம்பலாங்களா? கடை திறந்திருப்பாங்க” என்று மச்சானின் மனைவி பையோடு வந்து நின்றார். திருச்சூரில் கடை என்றால் நகைக்கடை. “நேத்து எல்லார் முன்னாலயும் சரின்னு சொன்னீங்கள்ல, ஒரு தடவையில்ல, அத்தனை தடவை.” மச்சான் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, தான் பார்த்ததாகவும் தலை நன்றாகவே ஆடியதாகவும் ஜாடையில் சாட்சி சொன்னாள்.

பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை. நட்சத்திரக் கணக்கில் மூன்று தாண்டினால் மதுரையில் அழகர் வந்துவிடுவார். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் எல்லாரும் தூங்கினார்கள், இல்லாவிட்டால் பேசியிருப்பார்கள்.

அழகரை நான் சொந்தக்காரராகத்தான் பார்க்கிறேன். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு மலையிலிருந்து சீரோடு கிளம்புகிறார். வழியில் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று மரியாதை வாங்கிக்கொண்டு நிதானமாக வருகிறார். வைகையை எட்டும்போது தாலி கட்டி முடித்தாகிவிட்டது. கேள்விப்பட்டதும் ஊருக்குள் காலே வைக்காமல், ஆற்றில் இறங்கி வண்டியூர் பக்கம் போய்விடுகிறார். மாசியில் நடந்துகொண்டிருந்த கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரண்டு விழாவையும் சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்தும் இவர்களைச் சந்திக்கவைக்க அவராலும் முடியவில்லை. தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி ஏந்தி ஆடுகிறவர்கள், உறுமி, பறை, கொட்டு என்று கரை முழுக்க அத்தனை சத்தம். அது மட்டும் இல்லையென்றால், தங்கக் குதிரைமேல் உட்கார்ந்து அழகர் சம்பந்தி வீட்டாரைப் பற்றி என்னென்ன பேசியிருப்பாரோ, எல்லாம் மதுரைக்காரர்கள் காதில் விழுந்திருக்கும்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு பறைக்குழு. மகள் கண்ணால் கெஞ்சினாள். கொடுத்தார்கள். மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததிலிருந்து அவள் என்னிடம் பறையை ஒரு பொழுதுபோக்காகப் பேசவே விடுவதில்லை. குச்சியை வாங்கி இடுப்பை வளைத்து அடவு வைத்தபோது, அக்கா வீட்டு மாமா என் காதுக்கிட்டே வந்து பலமாக ஏதோ சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தால், பெண்பிள்ளை, வயது, மாப்பிள்ளை வீட்டார் என்று ஏதோ நீளமான விஷயம் என்று தெரிந்தது. ஒரு எழுத்துக்கூட விழவில்லை. நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். திருச்சூர்ப் பாடம்.

கோவை திரும்பியதும் வீட்டில் மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகப் பேச முடியாத பேச்செல்லாம் குரல் செய்திகளாக வந்து விழுந்தன. அத்தையிடமிருந்து மட்டும் ஆறு. நான் எதையும் திறக்கவில்லை.

பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. “ஏங் கண்ணு, அந்தப் பொழி சமாச்சாரத்த ஒரு வழியா பேசி முடிச்சுப்போடலாம்னு இருக்கறோம். தம்பியும் சரின்னு சொல்லியனுப்பிச்சுட்டான்” என்றார். எங்கே, எப்போது என்று கேட்டேன். ஆடி நோம்பிக்கு, கோயில் திடலில், ஜமாப் அடிக்கிற நேரத்தில். நடுவில் உட்கார அம்மா வர வேண்டுமாம், அதில் இரண்டு பேருக்கும் சம்மதம். மிஷினைக் கொண்டுவரக் கூடாது என்பது மட்டும் சித்தப்பாவின் நிபந்தனை.